மனை வாங்கப் போறீங்களா? பத்திரம் பார்த்தாச்சு, மண்ணைப் பார்த்தீங்களா?



பட்டா பார்த்தாச்சு. 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாச்சு. டிடிசிபி அப்ரூவல் நம்பர், ரெரா நம்பர் எல்லாம் சரி. வக்கீல் ஓகே சொல்லிட்டார். பேங்க்கும் லோன் தர ரெடி. அப்புறம் என்ன, அட்வான்ஸ் கொடுத்துடலாமா?

ஒரு நிமிஷம். அந்த மனையில வீடு கட்டி, பால் காய்ச்சி, குடி போயிட்டீங்க. மறுநாள் காலையில டாய்லெட்ல ஃப்ளஷ் பண்றீங்க. அந்தத் தண்ணி எங்க போகும்?

சிரிக்காதீங்க. இந்தக் கேள்வியைக் கேட்காம நான் ஒரு தடவை டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருக்கேன். தாம்பரம் தாண்டி ஒரு லேஅவுட். 30க்கு 40, அதாவது 1200 சதுர அடி, அரை கிரவுண்டு. மே மாசம், நல்ல வெயில், தரை காய்ஞ்சு வெடிச்சுக் கிடந்தது. பக்கத்து ஏரியாவை விட சதுர அடிக்கு 250 ரூபாய் கம்மி. 'லக்கு'ன்னு நினைச்சு 50,000 ரூபாய் கொடுத்துட்டேன்.

அடுத்த வாரம் தனியா ஒரு தடவை போனேன். பக்கத்துத் தெருவுல ஏற்கெனவே குடியிருந்த ஒரு அம்மாகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, 'இந்தப் பக்கம் எப்படிம்மா இருக்கு?'ன்னு கேட்டேன். அவங்க சொன்ன பதில்: 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஐப்பசி பொறந்தா மட்டும் டாய்லெட்ல தண்ணி உள்ள போவாது. லாரி வந்து உறிஞ்சிட்டுப் போனா, சாயங்காலத்துக்குள்ள திரும்ப ரொம்பிடும்.'

அன்னிக்கே பின்வாங்கினேன். டோக்கன்ல பாதிதான் திரும்பி வந்தது. 25,000 ரூபாய் போச்சு. ஆனா 20 வருஷ இஎம்ஐ கட்டிக்கிட்டு அந்த அம்மா சொன்ன வாழ்க்கையை வாழ்றதை விட அது மலிவு.

பாதாள சாக்கடை இல்லாத இடத்துல மனை வாங்கும்போது, பத்திரத்தை மாதிரியே மண்ணையும் படிக்கணும். அதை எப்படிப் படிக்கிறது, அதுல உங்க பணம் எவ்வளவு இருக்குன்னு இந்தப் பதிவுல பார்க்கலாம்.

முதல்ல, செப்டிக் டேங்க் என்ன வேலை செய்யுது?

நம்மில் பலரும் நினைக்கிறது: எல்லாக் கழிவும் டேங்க்ல போய்ச் சேரும், நிரம்பினா லாரி வந்து எடுத்துட்டுப் போகும். இது தப்பு.

சரியாகக் கட்டின செப்டிக் டேங்க் எப்பவுமே நிரம்பித்தான் இருக்கும். ஒரு பக்கம் 10 லிட்டர் உள்ள வந்தா, இன்னொரு பக்கம் 10 லிட்டர் வெளிய போகும். இடையில கனமான கழிவு அடியில படியும். எண்ணெய்ப் பசை மேல ஆடையா மிதக்கும். காற்று இல்லாத இடத்துல வாழும் பாக்டீரியா அடியில இருக்கிற சகதியைக் கொஞ்சம் கொஞ்சமா செரிக்கும். லாரி வந்து எடுக்க வேண்டியது அந்தச் சகதியைத்தான். அது சில வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வேலை.

அப்போ வெளிய போற தண்ணி? பார்க்க ஓரளவு தெளிஞ்சிருக்கும். ஆனா நோய்க்கிருமி அதுல அப்படியே இருக்கும். அது உறிஞ்சுகுழிக்கு, நம்ம மேஸ்திரிங்க சொல்ற 'சோக் பிட்'டுக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குள்ள இறங்கணும். மண்ணுதான் அதை வடிகட்டுது. டேங்க் பாதி வேலை, மண்ணு மீதி வேலை.

அதனாலதான் 'டேங்கைப் பெருசா கட்டிட்டா போதும் சார்'ங்கிற பேச்சு பிரச்சினையைத் தீர்க்காது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 2470 விதிப்படி, 5 பேருக்கு, வருஷம் ஒரு தடவை சுத்தம் பண்ற கணக்குல, 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் தண்ணி ஆழம் இருந்தாலே போதும். டேங்குக்கு இடம் எந்த மனையிலும் கிடைக்கும். அதுல இருந்து வெளிய வர்ற தண்ணிக்கு இடம் இருக்கான்னுதான் பார்க்கணும்.

இன்னொரு டயலாக் கேட்டிருப்பீங்க: 'செப்டிக் டேங்க் எதுக்கு சார், 10 உறை இறக்கிடலாம். காலத்துக்கும் நிரம்பாது.' சிமெண்ட் உறையை அடுக்கி, அடியில பூசாம விட்டா அது செப்டிக் டேங்க் இல்ல, குழி. அது நிரம்பாம இருக்குன்னா, உள்ள போறதெல்லாம் அப்படியே நிலத்தடி நீருக்குப் போகுதுன்னு அர்த்தம். அதே நிலத்தடி நீரைத்தான் நீங்க போர் போட்டு எடுக்கப் போறீங்க.

கேள்வி 1: தண்ணி எத்தனை அடியில இருக்கு?

உறிஞ்சுகுழி வேலை செய்யணும்னா, அதுக்குக் கீழே காய்ஞ்ச மண்ணு இருக்கணும். ஏற்கெனவே தண்ணியில ஊறின மண்ணு இன்னும் தண்ணி குடிக்காது. நனைஞ்ச துண்டால ஈரத்தைத் துடைக்கிற கதைதான்.

ஐஎஸ் 2470 இதுக்கு 1.8 மீட்டர்னு ஒரு கோடு போடுது, அதாவது 6 அடி. நிலத்தடி நீர் 6 அடிக்குக் கீழே இருந்தா சாதாரண உறிஞ்சுகுழி பற்றி யோசிக்கலாம். 6 அடிக்குள்ளயே தண்ணி வந்துட்டா, குழி தோண்டுற முறை ஒத்துவராது. தரைக்கு மேல மேடு கட்டி, அதுக்குள்ள பரப்பு வாய்க்கால் அமைக்கணும், இல்லன்னா வேற சுத்திகரிப்பு முறைக்குப் போகணும். அதுக்குத் தனிச் செலவு.

இந்த 6 அடி எந்த மாசத்து 6 அடி? மே மாசம் 15 அடியில இருக்கிற தண்ணி, வடகிழக்குப் பருவமழை கொட்டின பிறகு நவம்பர், டிசம்பர்ல 3 அடிக்கு வந்துடலாம். நான் ஏமாந்தது இங்கதான். மனையைக் கோடையில பார்த்தா எல்லா இடமும் நல்ல இடம்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முடிஞ்சா மழைக்காலத்துல ஒரு தடவை போய்ப் பாருங்க. கார்த்திகை மாசம் மனை எப்படி இருக்கோ, அதுதான் அதோட உண்மையான முகம்.

பக்கத்துல திறந்த கிணறு இருந்தா, ஒரு கயித்துல கல்லைக் கட்டி இறக்கி, தரையில இருந்து தண்ணி எத்தனை அடின்னு அளந்துடுங்க. கிணத்துச் சுவர்ல மழைக்காலத்துத் தண்ணி நின்ன கறை பெரும்பாலும் தெரியும். அதையும் பாருங்க.

கூகுள் எர்த்ல பழைய வருஷத்துச் செயற்கைக்கோள் படங்களை இலவசமாப் பார்க்கலாம். உங்க மனை இருக்கிற இடம் 10, 15 வருஷம் முன்னாடி வயலா, ஏரி ஓரமா, தண்ணி தேங்கின பள்ளமான்னு பெரும்பாலும் தெரிஞ்சுடும்.

தமிழக அரசின் இணையதளத்துல 'அ' பதிவேடு எடுத்துப் பாருங்க. நிலத்தின் வகைப்பாடு நஞ்சைன்னு இருந்தா, ஒரு காலத்துல தண்ணி பாய்ஞ்ச வயல். நஞ்சைன்னாலே வாங்கக் கூடாதுன்னு இல்ல. ஆனா களிமண்ணும் மேல்மட்ட ஈரமும் இருக்க வாய்ப்பு அதிகம்னு புரிஞ்சுக்கிட்டு அடுத்த சோதனைக்குப் போங்க.

கேள்வி 2: மண்ணு தண்ணி குடிக்குமா?

சென்னையிலயே மூணு விதமான தரை இருக்கு. திருவான்மியூர், கொட்டிவாக்கம் மாதிரி கடலோரப் பகுதி மணல். அண்ணா நகர், கொளத்தூர் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கீழே பாறை. இந்த ஊர்கள்ல பாதாள சாக்கடை இருக்கிற தெருவுல இது பெரிய கவலை இல்ல. நாம பட்ஜெட்டுக்காகத் தேடிப் போற வெளிவட்டத்துலயும் தரை இதே மாதிரி இடத்துக்கு இடம் மாறும். கோயம்புத்தூர் பக்கம் போனா கரிசல் மண். அது மழையில உப்பி, வெயில்ல சுருங்கி வெடிக்கும். அந்த இழுபறியில சரியா கட்டாத தொட்டிச் சுவர் விரிசல் விடும்.

மண்ணு தண்ணி குடிக்கிற வேகத்தை நீங்களே அளக்கலாம். மனைக்காரர்கிட்ட அனுமதி வாங்கிக்கிட்டு, ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போனா போதும். ஐஎஸ் 2470 சொல்ற முறை இதுதான்:

சனிக்கிழமை: 10 முதல் 30 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு குழி. ஆழம், உங்க கழிவுநீர் மண்ணுக்குள்ள இறங்கப் போற ஆழம். குழிக்கு அடியில 5 சென்டிமீட்டருக்குப் பொடி ஜல்லி அல்லது பெருமணல் போடுங்க. அதுக்கு மேல 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி ஊத்தி, ராத்திரி முழுக்க ஊற விடுங்க. காய்ஞ்ச மண்ணு முதல்ல வேகமாக் குடிக்கும், அதை நம்பக் கூடாது. அதனாலதான் இந்த ஊறல்.

ஞாயிற்றுக்கிழமை: குழியில தண்ணி மீதி இருந்தா, ஜல்லிக்கு மேல 15 சென்டிமீட்டர் இருக்கிற மாதிரி சரி பண்ணுங்க. 30 நிமிஷத்துல எவ்வளவு இறங்குதுன்னு ஸ்கேல் வெச்சுப் பாருங்க. அதுல இருந்து 2.5 சென்டிமீட்டர், அதாவது 1 அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம்னு கணக்குப் போடுங்க. ராத்திரியே மொத்தத் தண்ணியும் இறங்கிடுச்சுன்னா, திரும்ப 15 சென்டிமீட்டர் ஊத்தி, அரை மணிக்கு ஒரு தடவை அளந்து, இறங்கின அளவுக்கு நிரப்பிக்கிட்டே 4 மணி நேரம் தொடருங்க. கடைசி அரை மணி நேரத்து அளவுதான் கணக்கு.

உதாரணம்: 30 நிமிஷத்துல ஒன்றரை அங்குலம் இறங்கினா, 1 அங்குலத்துக்கு 20 நிமிஷம். கால் அங்குலம்தான் இறங்கிச்சுன்னா, 1 அங்குலத்துக்கு 120 நிமிஷம்.

இதை இப்படிப் படிக்கணும். 30 நிமிஷம் வரைக்கும்: உறிஞ்சுகுழி போதும். 30 முதல் 60 நிமிஷம்: குழி போதாது, நீளமான பரப்பு வாய்க்கால் வேணும், அதுக்கு இடமும் வேணும். 60 நிமிஷத்துக்கு மேல: மண்ணை நம்பாதீங்க, வடிகட்டித் தொட்டி மாதிரி வேற வழிதான்.

இதுல ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, மண் அடிச்சு உயர்த்தின மனையில மேல் 3 அடியை மட்டும் சோதிச்சா அது லாரியில வந்த கிராவலோட மார்க்கு, உங்க நிலத்தோட மார்க்கு இல்ல. பழைய தரை மட்டம் எதுன்னு பார்த்து, அதுக்குக் கீழே சோதிக்கணும். இன்னொண்ணு, சுத்தமான கடல் மணல்ல தண்ணி சரசரன்னு இறங்கும். டெஸ்ட்ல பாஸ். ஆனா வேகமா இறங்குற தண்ணி வடிகட்டாமலே நிலத்தடி நீரைச் சேரும். அங்க அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்.

கேள்வி 3: 60 அடி தூரம் இருக்கா?

குடிநீர் எடுக்கிற கிணறு, போர் எதுவா இருந்தாலும், உறிஞ்சுகுழி அதுல இருந்து குறைஞ்சது 18 மீட்டர் தள்ளி இருக்கணும்னு ஐஎஸ் 2470 சொல்லுது. 18 மீட்டர்னா கிட்டத்தட்ட 60 அடி. வீட்டுச் சுவர்ல இருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கணும்னும் சொல்லுது.

இப்போ ஒரு பேப்பர் எடுங்க. 30க்கு 40 மனையை வரைங்க. ஒரு மூலையில போர், நேர் எதிர் மூலையில உறிஞ்சுகுழி. நடுவுல எவ்வளவு தூரம்? பள்ளிக்கூடத்துல படிச்ச பிதாகரஸ்தான்: 50 அடி.

அதாவது, அரை கிரவுண்டு மனையில நீங்க எங்க வெச்சாலும் 60 அடி கிடைக்காது. 40க்கு 60, முழு கிரவுண்டுன்னா மூலைக்கு மூலை 72 அடி, அதுல மட்டும் ஒரு வழி இருக்கு.

அதோட முடியல. நம்ம ஊர்ல வீடு கட்டுறவங்க பலரும் வாஸ்து பார்ப்பாங்க. தண்ணி ஈசானிய மூலை, வடகிழக்கு. செப்டிக் டேங்க் வாயு மூலை, வடமேற்கு. நீங்களும் அப்படியே வெக்கிறீங்க, கிழக்குப் பக்கத்து மனைக்காரரும் அப்படியே வெக்கிறார். உங்க வடகிழக்கு மூலையை ஒட்டி என்ன இருக்கு? அவரோட வடமேற்கு மூலை. உங்க போருக்கும் அவர் டேங்குக்கும் நடுவுல ஒரு காம்பவுண்டு சுவர்தான். சாஸ்திரத்துல தப்பு சொல்ல வரல. அரை கிரவுண்டு மனையை அடுத்தடுத்து வெட்டினா கணக்கு இப்படித்தான் வரும்.

அதனால மனை பார்க்கும்போது உங்க எல்லைக்குள்ள மட்டும் பார்க்காதீங்க. நாலு பக்கமும் யார் வீடு, அவங்க போர் எங்க, டேங்க் எங்கன்னு ஒரு ஸ்கெட்ச் போடுங்க. பக்கத்து வீட்டுல ஏற்கெனவே இருக்கிற போர்த் தண்ணியை ஒரு பாட்டில் வாங்கி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துலயோ தனியார் ஆய்வகத்துலயோ கட்டணம் கட்டிக் கொடுங்க. கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கம் பண்ணின பாட்டில் வேணும், அவங்ககிட்டயே கேட்டு வாங்குங்க.

ரிப்போர்ட்ல ரெண்டு வரி பாருங்க. குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 படி, 100 மில்லி தண்ணியில ஈ.கோலை இருக்கவே கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. கிருமியைக் கொதிக்க வெச்சுக் கொல்லலாம். நைட்ரேட் கொதிக்க வெச்சாப் போகாது. கைக்குழந்தைகளுக்கு அது ரத்தத்துல ஆக்சிஜன் ஏறுறதைத் தடுக்கும். அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல குழந்தை பற்றி யோசிக்கிறவங்க இந்த வரியை விட்டுடாதீங்க.

இப்போ பணக் கணக்குக்கு வருவோம்

நான் பார்த்த மாதிரி ஒரு மனைன்னு வெச்சுக்கோங்க. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க.

மழைக்காலத்து 4 மாசம், மாசம் ரெண்டு லாரி: 8. மீதி 8 மாசம், மாசம் ஒண்ணு: 8. மொத்தம் வருஷத்துக்கு 16 லோடு. ஒரு லோடு 2,500 ரூபாய்னா, வருஷம் 40,000. மாசத்துக்கு 3,333 ரூபாய்.

போர்த் தண்ணி குடிக்க லாயக்கு இல்லன்னா கேன் தண்ணி. மாசம் 20 கேன், ஒரு கேன் 40 ரூபாய்னா 800. ஆக, மாசம் 4,133 ரூபாய்.

இதை இஎம்ஐ மாதிரி பாருங்க. 8.5% வட்டி, 20 வருஷக் கடன்னா, ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 868 ரூபாய். 4,133ஐ 868ஆல வகுத்தா கிட்டத்தட்ட 4.75. அதாவது, இந்த மாசச் செலவு 4.75 லட்சம் ரூபாய் கூடுதல் கடன் வாங்கினதுக்குச் சமம். அதுவும் 20 வருஷத்துல முடியாத கடன். லாரி ரேட்டு ஏறிக்கிட்டே போகும்.

எனக்குச் சதுர அடிக்கு 250 ரூபாய் கம்மியாக் கிடைச்சது. 1200 சதுர அடிக்கு 3 லட்சம் லாபம்னு துள்ளிக் குதிச்சேன். உண்மையில நான் 1.75 லட்சம் நஷ்டத்துக்கு மனை வாங்கப் போனேன். விக்கும்போது வர்ற நஷ்டத்தை இதுல சேர்க்கவே இல்ல.

'பேங்க்தான் எல்லாம் பார்த்து லோன் கொடுக்குதே'ன்னு நினைக்காதீங்க. பேங்க் பார்க்கிறது, நீங்க கட்டலன்னா வித்துக் காசு எடுக்க முடியுமான்னு. உரிமை தெளிவா, மதிப்பு இருக்கா, அவ்வளவுதான். டிடிசிபி, சிஎம்டிஏ அப்ரூவலும் அவசியம்தான், ஆனா அது சாலை, பொது இடம், மனைப் பிரிவு பற்றின ஒப்புதல். உங்க மண்ணு தண்ணி குடிக்கும்னு யாரும் அதுல கையெழுத்துப் போடல.

'பாதாள சாக்கடை வரப்போகுது சார்!'

வரலாம். ஆனா வராத சாக்கடைக்கு இன்னிக்கே விலை கொடுக்காதீங்க. நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்துக்கு நேர்ல போய், உங்க தெரு அந்தத் திட்டத்துல இருக்கா, டெண்டர் விட்டாச்சா, சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் முடிவாச்சான்னு கேளுங்க. பதில் கிடைக்கலன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட மனு போடுங்க. மனை கிராம ஊராட்சி எல்லையில இருந்தா இன்னும் கவனமா விசாரிங்க.

லாரி உள்ள வருமா?

நல்ல மனையிலும் சில வருஷத்துக்கு ஒரு தடவை சகதி எடுக்கணும். லாரி வர்ற அளவுக்குத் தெரு இருக்கணும், டேங்க் மூடி ஹோஸ் எட்டுற இடத்துல இருக்கணும். டேங்க் மேல டைல்ஸ் போட்டு மறைச்சுடாதீங்க.

ஒரு விஷயத்துல மட்டும் பேரம் கிடையாது. டேங்குக்குள்ள மனுஷனை இறக்காதீங்க. உள்ள இருக்கிற விஷவாயு ஒரு நிமிஷத்துல உயிரை எடுத்துடும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கிச் சுத்தம் பண்ண வைக்கிறது குற்றம். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். இப்படி நடக்கிற சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடுன்னு உச்ச நீதிமன்றம் 2023ல சொல்லியிருக்கு. எந்தத் தொகையும் ஒரு உயிருக்கு ஈடு இல்ல. '500 ரூபாய் கொடுங்க சார், நானே இறங்குறேன்'னு யாராவது கேட்டாலும் வேண்டாம்னு சொல்லுங்க. சுத்தம் பண்ண 14420க்கு போன் பண்ணி, உரிமம் உள்ள லாரியைக் கூப்பிடுங்க.

மனை ஃபெயில் ஆயிடுச்சு, விட்டுடணுமா?

எப்பவும் இல்ல. மூணு வழி இருக்கு.

ஒண்ணு, தொழில்நுட்பம். செப்டிக் டேங்குக்கு அடுத்து ஜல்லி நிரப்பின மேல்நோக்கு வடிகட்டித் தொட்டி வெக்கலாம், தரைக்கு மேல மேடு கட்டி அதுல விடலாம், ரெடிமேட் பயோ டேங்க் போடலாம். ஆனா வடிகட்டின தண்ணி வெளியேறவும் ஒரு இடம் வேணும். தண்ணி மட்டம் உயர்ந்த இடத்துல பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டியைக் காலி பண்ணினா அது படகு மாதிரி மேல மிதந்து வந்துடும், கான்கிரீட்ல சரியா நங்கூரம் போடணும். உங்க பொறியாளர்கிட்ட இதுக்கு எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க.

ரெண்டு, குடிநீரைப் பிரிக்கிறது. அரை கிரவுண்டுல 60 அடி முடியாதுன்னா, போர்த் தண்ணியைக் குளிக்க, துவைக்க மட்டும் வெச்சுக்கிட்டு, குடிக்க ஊராட்சி அல்லது நகராட்சிக் குழாய் இணைப்பு கிடைக்குதான்னு பாருங்க. அது இருக்கிற மனைக்கு 50 ரூபாய் கூடக் கொடுத்தாலும் தப்பில்ல.

மூணு, பேரம். கையில எஸ்டிமேட்டும் மண் டெஸ்ட் முடிவும் வெச்சுக்கிட்டு, 'இந்தச் செலவு எனக்கு வருது, விலையில குறைங்க'ன்னு கேளுங்க. நல்ல விற்பனையாளர் பேசுவார். குழி தோண்டிப் பார்க்கவே விடமாட்டேன்னு சொன்னா, அதுவும் ஒரு டெஸ்ட் ரிசல்ட்தான்.

எஸ்டிமேட், நீங்க போட்ட 20 வருஷக் கணக்கு, குறைக்கிற விலை மூணையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அப்பவும் கட்டுப்படியாகலன்னா, தைரியமா எழுந்து வந்துடுங்க.

டோக்கன் கொடுக்கிறதுக்கு முன்னாடி

இதை போன்ல சேவ் பண்ணிக்கோங்க:

- மழைக்காலத்துல தண்ணி மட்டம் 6 அடிக்குக் கீழேதானா?
- 1 அங்குலத் தண்ணி இறங்க 60 நிமிஷத்துக்குள்ளதானா?
- போருக்கும், உங்க மற்றும் அக்கம்பக்கத்து உறிஞ்சுகுழிக்கும் 60 அடி இருக்கா? இல்லன்னா குடிநீருக்கு வேற வழி என்ன?
- மனை ரோட்டை விடத் தாழ்வா? எவ்வளவு மண் அடிச்சிருக்காங்க?
- லாரி வருமா?
- பக்கத்து வீட்டுத் தண்ணி ரிப்போர்ட் கையில இருக்கா?

இதெல்லாம் முடியல, நேரமே இல்லன்னா, ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. கம்பெனி வேன்ல போகாதீங்க. தனியா பைக்ல போங்க. அந்தத் தெருவுல குடியிருக்கிற மூணு வீட்டுக் கதவைத் தட்டி, 'மழைக்காலத்துல எத்தனை நாளைக்கு ஒரு தடவை லாரி கூப்பிடுறீங்க?'ன்னு கேளுங்க. எந்தப் பத்திரத்துலயும் இல்லாத பதில் அங்க கிடைக்கும். எனக்கு ஒரு சொம்புத் தண்ணியோட சேர்ந்து கிடைச்சது.

குழி தோண்டி அளக்கிறதை வீடியோவா நம்ம சேனல்ல பார்க்கலாம். மனை தேடிக்கிட்டு இருக்கிற ஃப்ரெண்டுக்கு இந்தப் பதிவை அனுப்புங்க. அவர் டோக்கன் கொடுக்கிறதுக்கு முன்னாடி அனுப்புங்க.